குழிவீட்டுத் தரையில் ஏற்றத்தாழ்வைத் தேடுவது எப்படி? வேட்டைச் சமூகங்களை ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், லில்லுவெட் என்ற சிற்றூருக்கு வடக்கே, ஃபிரேசர் ஆற்றுக்கு மேலே உயர்ந்த மேட்டுநிலம் ஒன்று இருக்கிறது. கீட்லி கிரீக் என்பது அதன் பெயர். அங்கே தரையெங்கும் கிண்ணம் கவிழ்த்து எடுத்தாற்போல் வட்டப் பள்ளங்கள், நூற்றுக்கும் மேல். சில பள்ளங்கள் ஒரு மாட்டுத்தொழுவம் அளவுதான். சிலவற்றின் விளிம்பிலிருந்து விளிம்புக்கு இருபது மீட்டர். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் வீடு. பாதி மண்ணுக்குள் இறங்கி, மேலே மரக்கழியும் பட்டையும் மண்ணும் போட்டுக் கூரை வேய்ந்த குளிர்கால வீடு. கூரையின் நடுவில் உள்ள துளை வழியாக ஏணியில் இறங்க வேண்டும்.

அங்கே வாழ்ந்தவர்கள் ஏர் பூட்டியதில்லை, விதை விதைத்ததில்லை. மீன் பிடித்தார்கள், மான் வேட்டையாடினார்கள், கிழங்கு அகழ்ந்தார்கள். அப்படியிருக்க ஒரு வீடு இவ்வளவு பெரிதாகவும் இன்னொன்று அவ்வளவு சிறிதாகவும் இருப்பது ஏன்? உழவு வந்த பிறகுதான் உடையவன், இல்லாதவன் என்ற பிரிவு வந்தது என்று பள்ளியில் படித்த நமக்கு, இந்தப் பள்ளங்கள் ஒரு தொந்தரவு.

இத்தகைய ஊரை எடுத்துக்கொண்டு, சமமாக வாழ்ந்த வேட்டைக்கூட்டம் எப்படி ஏற்றத்தாழ்வுள்ள சமூகமாக மாறியது என்பதை ஒரு தொல்லியலாளர் படிப்படியாக எவ்வாறு ஆராய்கிறார் என்பதே இந்த வழிகாட்டி. ஆய்வேடு எழுதப்போகும் மாணவருக்கும், செய்தித்தாளில் வரும் 'பழங்காலச் சமத்துவம்' பற்றிய தலைப்புகளை நம்பலாமா என்று யோசிப்பவருக்கும் பயன்படும். கரணை (மண்ணை மெல்லச் சுரண்டும் கைக்கருவி) பிடித்தே பழகாதவர்களும் தயங்காமல் படிக்கலாம்.

முதல் படி: சொல்லை உடைத்துக்கொள்ளுங்கள்

இத்துறையில் 'சிக்கலான சமூகம்' என்ற சொல் புழங்குகிறது. தமிழில் அதைக் கேட்டால் ஏதோ தொல்லையில் மாட்டிக்கொண்ட சமூகம் போலத் தோன்றும். 'படிநிலைச் சமூகம்' என்று எழுதினாலோ, கண்டுபிடிக்க வேண்டிய விடையை முன்கூட்டியே சொல்லிவிட்டதாகிவிடும். சொல் எதுவானாலும் சரி, தோண்டுவதற்கு முன் அதைத் தனித்தனிக் கேள்விகளாக உடைக்க வேண்டும்.

ஒரே இடத்தில் ஆண்டில் பல மாதம் தங்கினார்களா? உணவைச் சேமித்தார்களா? மீன்பிடி பாறை, வேட்டைக்காடு போன்றவற்றுக்குச் சொந்தக்காரர் இருந்தார்களா? சில குடும்பங்களிடம் மட்டும் அதிகப் பொருள் சேர்ந்ததா? அப்படிச் சேர்ந்தது பிள்ளைகளுக்குப் போனதா? ஐந்தும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றுக்கு 'ஆம்' என்றால் மற்ற நான்குக்கும் 'ஆம்' என்று எழுதிவிடுவதுதான் இந்தத் துறையில் நான் மிகுதியாகக் காணும் பிழை.

அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள பாவர்ட்டி பாயின்ட்டைப் பாருங்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உழவு தெரியாத மக்கள் அங்கே ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு அரைவட்ட மண்மேடுகளும், இருபது மீட்டருக்கு மேல் உயர்ந்த பெரிய மண்குன்றும் எழுப்பினார்கள். 2014-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அவ்வளவு பேரை ஒருங்கிணைத்த இடத்தில் அரண்மனையும் இல்லை, செல்வர் கல்லறையும் இல்லை. மறுபக்கம் ரஷ்யாவின் சுங்கிர். முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய அந்தக் கல்லறைகளில் இரண்டு சிறுவர்கள் உட்பட மூவரின் உடலோடு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாமூத் (அழிந்துபோன யானையினம்) தந்த மணிகள். மணிக்குவியல் இருக்கிறது, நிலையான ஊர் இல்லை. பெரிய கட்டுமானமும் செல்வமும் சேர்ந்தேதான் வரும் என்று எவரும் சத்தியம் செய்து தரவில்லை.

இரண்டாம் படி: மாற்றம் தெரியக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே காலத்தைச் சேர்ந்த இடத்தைத் தோண்டினால் ஒரு நிழற்படம் கிடைக்கும். மாற்றத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பல தலைமுறை ஒரே இடத்தில் அடுக்கடுக்காக வாழ்ந்திருக்க வேண்டும். அதோடு எலும்பு மக்காத மண், ஒப்பிடுவதற்குப் பல வீடுகள், அண்மைக்கால வாழ்க்கை பற்றிய பதிவு ஆகியவையும் வேண்டும். நடு ஃபிரேசர் பள்ளத்தாக்கில் இவை நான்கும் உண்டு. வறண்ட பகுதி என்பதால் மீன் முள்கூடத் தங்கியிருக்கிறது.

கீட்லி கிரீக்கில் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தின் பிரையன் ஹேடன் 1986-இல் அகழாய்வைத் தொடங்கினார். அதே பள்ளத்தாக்கில் பிரிட்ஜ் ரிவர் என்ற இடத்தில் எண்பது அளவில் குழிவீடுகள். அங்கே 2003 முதல் மொன்டானா பல்கலைக்கழகத்தின் அன்னா பிரென்டிஸ் குழு ஆய்வு செய்தது. இந்த வழிகாட்டியின் உதாரணங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு ஊர்களிலிருந்து வருகின்றன.

இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அது யாருடையது என்பதையும் கேளுங்கள். இது ஸ்டாட்லியம் மக்களின் நிலம். அவர்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள், அதே பாறைகளில் மீன் பிடிக்கிறார்கள். பிரிட்ஜ் ரிவர் ஆய்வு உள்ளூர்ச் சமூகத்தோடு கைகோத்து நடந்த ஆய்வு. அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவதோடு முடியும் வேலை என்று இதை நினைத்துவிடாதீர்கள். மனிதக் கல்லறைகளைத் தொடக்கூடாது என்றால் தொடக்கூடாது. அந்த எல்லைக்குள் நின்று கேள்வியை வேறு வழியில் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த வேறு வழிகளில் ஒன்று நாய். அதைப் பின்னால் பார்ப்போம்.

மூன்றாம் படி: மண்ணைத் தொடுமுன் ஆற்றைப் பாருங்கள்

கோடையில் அந்தப் பள்ளத்தாக்கில் காய்ந்த வெப்பக்காற்று வீசும். சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறிவருவதும் அதே மாதங்களில்தான். மீனைப் பிளந்து, சதையில் குறுக்காகக் கீறிவிட்டு, ஆற்றோரப் பந்தலில் தொங்கவிட்டால் காற்றே உலர்த்திவிடும். கருவாடு என்றால் நமக்கு உப்பும் வெயிலும் கடற்கரை மணலும் நினைவுக்கு வரும். அங்கே உப்பு வேண்டாம், காற்று போதும். ஒரு சில வாரத்தில் உலர்த்தியதை வைத்துக்கொண்டு பனிக்காலம் முழுவதும் குழிவீட்டில் இருக்கலாம்.

இதில் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, உணவு சில வாரங்களில் மட்டும் மலைபோல் வருகிறது. அந்த நேரத்தில் பிளக்கவும் உலர்த்தவும் எத்தனை கை இருக்கிறது என்பதே ஒரு வீட்டின் பலம். இரண்டாவது, ஆறு நீளமானாலும் கைவலையை வீசி மீனை அள்ளத் தோதான பாறைகள் சிலவே. அந்தப் பாறை யாருடையது? 1906-இல் வெளியான ஜேம்ஸ் டீட்டின் இனவரைவியல் பதிவு லில்லுவெட் மக்களின், அதாவது ஸ்டாட்லியம் மக்களின், வாழ்க்கையை விரிவாகச் சொல்கிறது. தலைவர்கள், குலங்கள், விருந்துகள் எல்லாம் அதில் வருகின்றன.

ஆனால் எச்சரிக்கை. டீட் எழுதியபோது அம்மை நோய், தங்க வேட்டை, விலங்கு மயிர்த்தோல் வணிகம், ரயில்பாதை எல்லாம் அந்த மக்களை உலுக்கி முடித்திருந்தன. கரையோர மக்களின் பெரும் கொடை விருந்தை 1885 முதல் 1951 வரை கனடா அரசு சட்டம் போட்டே தடுத்திருந்தது. ஆகவே 1906-இன் பதிவை எடுத்து ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய வீட்டின் மேல் அப்படியே போர்த்தக் கூடாது. என்ன தேட வேண்டும் என்பதை அது சொல்லும். அது இருந்ததா என்பதை மண்தான் சொல்ல வேண்டும்.

நான்காம் படி: வரைபடம்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். எல்லாப் பள்ளங்களையும் அளந்து படத்தில் ஏற்றுங்கள். காந்தப்புல அளவையும் மண்ணின் மின்கடத்தல் அளவையும் கொண்டு அடுப்புகளும் குழிகளும் எங்கே இருக்கக்கூடும் என்று மேலிருந்தே பாருங்கள். நெருப்பில் சுட்ட மண்ணின் காந்தத் தன்மை மாறியிருக்கும். பிரிட்ஜ் ரிவரில் அப்படித்தான் முதலில் ஊர் முழுவதையும் அளந்து, பிறகு பல வீடுகளில் சிறு சோதனைக்குழி போட்டார்கள். பெரிய வீட்டை மட்டும் தோண்டும் ஆசையை இந்த இடத்திலேயே அடக்கிக்கொள்ளுங்கள். ஏழையின் வீட்டைத் தோண்டாமல் பணக்காரன் யார் என்று சொல்ல முடியாது.

ஐந்தாம் படி: தரையைக் கண்டுபிடிப்பது

கடினமான படி இதுதான். குழிவீட்டின் மண்ணில் மூன்று வகை உண்டு: கூரை மண், தரை மண், விளிம்பு மண். கூரை மரம் உளுத்துப்போனாலோ பூச்சி பிடித்தாலோ கொளுத்திவிடுவார்கள். கரிந்த கழிகளோடு கூரை மண் உள்ளே விழும். அதை வாரி விளிம்பில் கொட்டிவிட்டு மறுபடி கூரை போடுவார்கள். இப்படிப் பல முறை நடந்தால் விளிம்பு உயர்ந்துகொண்டே போகும். அதில் நூற்றாண்டுக் கணக்கான குப்பை கலந்து கிடக்கும். பழங்காலம் மேலேயும் பிற்காலம் கீழேயும்கூட வந்துவிடும். விளிம்பில் கிடைத்த அம்புமுனையை வைத்து வீட்டின் வயதைச் சொன்னால் ஏமாந்துபோவீர்கள்.

தரைதான் தங்கம். மிதிபட்டு இறுகிய, சில சென்டிமீட்டர் மட்டுமே கனமுள்ள படிவு அது. நிறத்தைவிடக் கையில் படும் விதத்தில்தான் அது முதலில் தெரியும்: கரணை சரசரவென்று போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று வழுக்கும், ஒரு ஓசை மாறும். முதன்முதலில் ஒரு பயிற்சிக் குழியில் இறங்கியபோது அந்த ஓசை மாறியதை நான் கவனிக்கவே இல்லை. வேகத்தில் ஒரு தரையைத் தாண்டி அடுத்த தரைக்குள் போய்விட்டேன். இரண்டு தலைமுறையின் பொருள்களை ஒரே பையில் போட்ட பிறகுதான் பக்கச்சுவரில் ஒரு கோடு தெரிந்தது. அதைப் பிரித்து மீட்க வழியே இல்லை. அன்று முதல் ஒவ்வொரு அடுக்கும் முடிந்ததும் பக்கச்சுவரை நீர் தெளித்துப் பார்ப்பது என் வழக்கம். ஈரத்தில் கோடுகள் தெளிவாகும்.

பிரிட்ஜ் ரிவரின் 54-ஆம் எண் வீட்டில் இந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது. 2012-இல் தொடங்கிய அகழாய்வில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினைந்துக்கும் மேற்பட்ட தரைகள். பழைய தரையைச் சுரண்டி எறியாமல் அதன் மேலேயே புது மண் கொண்டுவந்து பரப்பி வாழ்ந்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு தலைமுறைக்கு ஒரு தரை. ஒரு வீட்டின் குடும்ப வரலாற்றைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

வேலைமுறை இப்படி இருக்கட்டும். வீட்டை ஒரு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நாலாக உடையுங்கள். தோண்டிய மண் முழுவதையும் மூன்று மில்லிமீட்டர் சல்லடையில் சலியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒரு பை மண்ணைத் தனியாக எடுத்துத் தண்ணீரில் கரைத்தால் கரிந்த விதை, பழக்கொட்டை, ஊசியிலைத் துணுக்கு ஆகியவை மிதந்து வரும். சல்லடையில் அவை சிக்கவே சிக்காது. அடுப்பு, தூண் குழி, சேமிப்புக் குழி ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்து, எது எதற்கு முந்தியது என்பதை ஒரு வரைபடமாகப் போட்டுக்கொள்ளுங்கள். தரையில் எத்தனை அடுப்பு, எங்கெங்கே என்பதை மறக்காமல் குறியுங்கள். அடுத்தடுத்த படிகள் அதன் மேல்தான் நிற்கின்றன.

ஆறாம் படி: காலம்

உயிர் போன நாள் முதல் எலும்பிலும் மரத்திலும் சீராகக் குறைந்துவரும் கரிமம்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டு. ஆய்வகம் தரும் 'இன்றைக்கு முன்' என்ற எண்ணில் 'இன்று' என்பது 1950. இந்த இரண்டும் எல்லோருக்கும் தெரியும். தவறு நடப்பது எதைக் கொடுத்து அளக்கிறோம் என்பதில்.

கரிந்த பெரிய தூணைக் கொடுக்காதீர்கள். முந்நூறு ஆண்டு வளர்ந்த மரத்தின் நடுப்பகுதி, அது வெட்டப்பட்ட நாளைவிட முந்நூறு ஆண்டு மூத்தது. சுள்ளி, பழக்கொட்டை, மான் எலும்பு ஆகியவை நல்லவை. சால்மன் எலும்பைக் கொடுத்தால் வீடு பல நூறு ஆண்டு மூத்ததாகத் தெரியும். கடலில் இருக்கும் கரிமம் பழையது, மீன் வளர்ந்தது கடலில். அந்த மீனைத் தின்று வளர்ந்த நாயின் எலும்புக்கும் இதே கதிதான். ஆற்றோர மக்களை ஆராயும்போது இதைக் கவனிக்காமல் விட்டால் முழு வரலாறும் சில நூற்றாண்டு பின்னால் போய்விடும்.

ஒரு தரை இருபது ஆண்டுதான் நீடித்தது. அளவையின் பிழையோ கூட்டியும் குறைத்தும் முப்பது, நாற்பது ஆண்டு. தனித்தனி எண்களால் தரைகளை வரிசைப்படுத்த முடியாது. ஆனால் மேல் தரை கீழ் தரைக்குப் பிந்தியது என்பது உறுதி. அந்த உறுதியையும் எண்களையும் ஒன்றாகக் கணக்கில் சேர்க்கும் புள்ளியியல் முறையைப் பயன்படுத்தினால் இடைவெளி சுருங்கும். கணக்கு தெரிந்த நண்பர் ஒருவரைச் சம்பாதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் சண்டையும் உண்டு. கீட்லி கிரீக்கின் பெரிய வீடுகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுந்து இடைவிடாமல் நீடித்தன என்பது ஹேடனின் கருத்து. பிரென்டிஸ் குழுவோ அங்கே மீண்டும் தோண்டி, புதிய காலக்கணிப்போடு, அவை சுமார் ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்புதான் தொடங்கின என்றது. சில நூறு ஆண்டு முன்பின் என்று விட்டுவிட முடியாத விஷயம் இது. ஊர் பெருகிய பிறகு ஏற்றத்தாழ்வு வந்ததா, ஏற்றத்தாழ்வோடுதான் ஊரே உருவானதா என்ற கேள்வி இதில்தான் தொங்குகிறது.

ஏழாம் படி: எண்ணிக்கை, அதைவிட அதைச் சந்தேகிப்பது

வீட்டுப் பரப்பை வைத்து ஏற்றத்தாழ்வை அளக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. 2017-இல் உலகின் 63 தொல்லிடங்களின் வீட்டளவுகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வெளியானது. அதன் அடிப்படை, ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி எண். எல்லோருக்கும் சமம் என்றால் 0. எல்லாம் ஒருவனிடம் என்றால் 1-ஐ நெருங்கும்.

கையாலேயே போட்டுப் பாருங்கள். ஐந்து வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பரப்பு 30, 40, 50, 60, 120 சதுர மீட்டர். இரண்டிரண்டு வீடாக எடுத்து வித்தியாசத்தைக் கூட்டினால் 400 வரும். வீடுகளின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கினால் 25. சராசரிப் பரப்பு 60. 25-ஐ 60-ஆல் பெருக்கினால் 1,500. 400-ஐ 1,500-ஆல் வகுத்தால் 0.27. ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்று எழுதக் கை பரபரக்கும்.

பொறுங்கள். அந்த 120 சதுர மீட்டர் வீட்டில் நாலு அடுப்பு இருந்து, மற்ற வீடுகளில் ஒவ்வொன்றே இருந்தால்? ஓர் அடுப்பைச் சுற்றி ஒரு குடும்பம் என்று கொண்டால், பெரிய வீட்டில் குடும்பத்துக்குக் கிடைத்தது 30 சதுர மீட்டர்தான். ஊரிலேயே சிறிய வீட்டுக்காரனுக்குக் கிடைத்ததும் அதே 30. மாளிகை என்று நினைத்தது கூட்டுக்குடும்பம் ஆகிவிட்டது.

ஆள் கணக்கும் இப்படித்தான் வழுக்கும். தலைக்குப் பத்து சதுர மீட்டர் என்று 1962-இல் மானிடவியலாளர் ரவுல் நரோல் ஒரு விதி சொன்னார். பலரும் அதை மனப்பாடமாக எடுத்தாள்கிறார்கள். பனிக்காலத்தில் உடல் சூட்டுக்காக நெருக்கியடித்து வாழும் குழிவீட்டுக்குத் தலைக்கு இரண்டரை சதுர மீட்டர்தான் பொருந்தும். பன்னிரண்டு மீட்டர் விட்டமுள்ள தரையின் பரப்பு 113 சதுர மீட்டர். முதல் விதிப்படி அதில் பதினொரு பேர். இரண்டாம் விதிப்படி நாற்பத்தைந்து பேர். எந்த விதியைப் பயன்படுத்தினீர்கள் என்பதை ஆய்வேட்டில் அடிக்குறிப்பில் ஒளிக்காமல் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

எட்டாம் படி: என்ன தின்றார்கள்

உணவில் ஏற்றத்தாழ்வு தெரிந்தால் அது வீட்டளவைவிட வலுவான சான்று. இதற்குக் கீட்லி கிரீக்கில் ஒரு கதை உண்டு. மாணவர்களுக்கு நான் வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவேன்.

குளிர்கால வீட்டில் கிடைக்கும் சால்மன் எலும்புகளில் பெரும்பாலானவை முதுகெலும்புக் கண்ணிகள். சின்னப் பொத்தான் அளவு, இரு பக்கமும் குழிவாக இருக்கும். தலையை ஆற்றங்கரையிலேயே வெட்டிவிடுவதால் மண்டை எலும்பு குறைவு. கண்ணியை மட்டும் பார்த்து எந்தச் சால்மன் என்று சொல்வது கடினம். ஆனால் மரத்தைப் போல அதிலும் வளர்ச்சி வளையங்கள் விழும். எக்ஸ்ரே எடுத்து வளையத்தை எண்ணினால் மீனின் வயது தெரியும். இரண்டு வயதில் ஆறேறி வருவது இளஞ்சிவப்புச் சால்மன். சிறிய மீன், கொழுப்புக் குறைவு, பிடிப்பதும் எளிது. நாலைந்து வயதில் வருபவை சாக்கையும் சினூக்கும். கொழுத்த மீன்கள், சினூக்கைப் பிடிக்க ஆழமான இடமும் நல்ல பாறையும் வேண்டும்.

எண்ணிப் பார்த்தார்கள். சிறிய வீடுகளில் பெரும்பாலும் இரண்டு வயது மீன். பெரிய வீட்டில் அதோடு வயது முதிர்ந்த மீன்களும். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! நல்ல பாறை பெரிய வீட்டுக்காரருக்குச் சொந்தம், மிஞ்சியது ஏழைக்கு. ஏற்றத்தாழ்வு முதுகெலும்பிலேயே எழுதியிருக்கிறது என்று கட்டுரைகள் வந்தன. வகுப்பறைகளிலும் பேசினார்கள்.

2005-இல் அதே ஊரின் சால்மன் எலும்புகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து ஒரு குழு இனத்தை நேரடியாகக் கண்டறிந்தது. சாக்கை இருந்தது, சினூக் இருந்தது, கோஹோ என்ற இன்னொரு சால்மன் வகையும் இருந்தது. இளஞ்சிவப்புச் சால்மன் ஒன்றுகூட இல்லை. ஏழைக்கு ஒரு மீன், பணக்காரனுக்கு ஒரு மீன் என்ற கட்டடம் சரிந்தது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஹேடனும் ஒருவர் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தன் வாதத்தின் ஒரு தூண் விழுவதற்குத் தானே கைகொடுத்திருக்கிறார்.

பின்னோக்கிப் பார்த்தால் ஒரு துப்பு முன்பே இருந்தது. ஃபிரேசர் ஆற்றில் இளஞ்சிவப்புச் சால்மன் ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டுதான், ஒற்றைப்படை ஆண்டுகளில், பெருமளவு வருகிறது. அது மட்டுமே ஏழையின் உணவு என்றால் இரட்டைப்படை ஆண்டுகளில் அவன் என்ன தின்றான்? மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கேள்வி அப்போதே எழுந்திருக்கும்.

ஆகவே இந்தப் படியில் செய்ய வேண்டியது: இனத்தை ஒரு முறையால் மட்டும் முடிவுசெய்யாதீர்கள். மீனைத் தவிர மான், கிழங்கு சுட்ட குழி, பழக்கொட்டை எல்லாவற்றையும் அடுப்பு வாரியாக எண்ணுங்கள். நாய் எலும்பை மறக்காதீர்கள். மனிதர் போட்டதைத் தின்று வளரும் பிராணி அது. அதன் எலும்பிலுள்ள நைட்ரஜன், கரிமம் ஆகியவற்றின் ஓரிடத்தான்களை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்தால் அந்த வீட்டில் கடல்மீன் எவ்வளவு புழங்கியது என்று தெரியும். மனித எலும்பைத் தொடாமலே மனித உணவைப் பற்றிப் பேசலாம்.

ஒன்பதாம் படி: அருமைப் பொருள்கள்

லில்லுவெட் பகுதி ஆற்றில் நெஃப்ரைட் என்ற பச்சைக்கல் கிடைக்கிறது. மணலும் தண்ணீரும் வைத்து அறுக்க வேண்டும். மணிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் அறுபடும். மரம் வெட்ட வேறு கல்லே போதும் என்ற இடத்தில், ஒருவர் நாள் கணக்காக உட்கார்ந்து பச்சைக்கல் வாய்ச்சி செய்கிறார் என்றால் அவருக்கு யாரோ சோறு போட்டிருக்கிறார்கள். மேற்குக் கடற்கரையிலிருந்து வந்த தந்தச் சிப்பி, தொலைவிலிருந்து வந்த கல் ஆகியவற்றையும் இப்படியே பாருங்கள்.

எண்ணும்போது தோண்டிய மண்ணின் கன அளவால் வகுங்கள். பெரிய வீட்டில் அதிக மண் தோண்டினால் அதிக மணி கிடைக்கத்தான் செய்யும். இது சிறுபிள்ளைக்கும் தெரியும் என்று தோன்றும். அச்சான கட்டுரைகளிலேயே இதை மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பத்தாம் படி: இரண்டு கதைகளை மோதவிடுங்கள்

இவ்வளவும் சேர்ந்த பிறகுதான் 'ஏன்' என்ற கேள்வி. முதல் கதை மிகுதியின் கதை. உணவு தாராளமாகக் கிடைத்தபோது, தன்னை உயர்த்திக்கொள்ளும் ஆசையுள்ள சிலர் விருந்து போட்டார்கள், கடன்பட வைத்தார்கள், அப்படியே மேலேறினார்கள். ஹேடன் இந்தப் பக்கம். இரண்டாம் கதை நெருக்கடியின் கதை. ஊர் பெருத்துப்போய், உணவு போதாமல் போனபோது, கையில் நல்ல பாறை வைத்திருந்தவர்கள் அதை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் அவர்களை அண்டிப் பிழைத்தார்கள்.

இரண்டும் கேட்க நன்றாக இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு கதையும் உண்மையானால் மண்ணில் எது முன்னே, எது பின்னே வர வேண்டும் என்று தோண்டுவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். மிகுதியின் கதை உண்மையானால் அருமைப் பொருள்கள் மீன் செழித்த காலத்திலேயே தலைகாட்ட வேண்டும். நெருக்கடியின் கதை உண்மையானால் முதலில் வீடுகள் பெருக வேண்டும், பிறகு மீன் குறைய வேண்டும், அதற்கும் பிறகே வீடுகளுக்கிடையே வித்தியாசம் தெரிய வேண்டும்.

பிரிட்ஜ் ரிவரில் வரிசை இரண்டாம் கதையோடு ஒத்துப்போகிறது. ஊர் தொடங்கிப் பல நூற்றாண்டு வரை வீடுகளுக்கிடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன்பு வீடுகளின் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது. அதன் பிறகு, உணவுக்கு நெருக்கடி தெரியும் காலத்தில்தான் சில வீடுகளில் மட்டும் பொருள் சேரத் தொடங்கியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஊர் காலியானது. எனக்கு இந்த வரிசை மனத்தைத் தைக்கிறது: குறைந்துகொண்டே வரும் பந்தியில்தான் முதல் வரிசை எது, கடைசி வரிசை எது என்ற பிரிவு வந்திருக்கிறது. ஆனால் ஒரு பள்ளத்தாக்கின் விடையை உலகத்துக்கே எழுதிவிட நான் தயாரில்லை. கலிஃபோர்னியக் கடல் தீவுகளின் சுமாஷ் மக்களிடம் சிப்பிமணிப் பணமும் பலகைப் படகும் முக்கியமாயின. அங்கே கதை வேறு.

ஊர் ஏன் காலியானது என்பதிலும் இரு தரப்பு. ஆற்றில் மலைச்சரிவு விழுந்து மீனின் வழியை அடைத்திருக்கலாம் என்று 1991-இல் ஹேடனும் ஜூன் ரைடரும் எழுதினார்கள். வேறு சிலர் அதை ஏற்கவில்லை. நடக்கக்கூடியதா என்றால், 1913-இல் ஃபிரேசர் ஆற்றின் ஹெல்ஸ் கேட் குறுகலில் ரயில்பாதைக்காக வெடிவைத்த பாறைகள் ஆற்றில் சரிந்து சால்மன் ஏற முடியாமல் போனது கண்கூடான வரலாறு. ஆனால் நடக்கக்கூடியது என்பதும் நடந்தது என்பதும் வேறு. மீன் மெல்லக் குறைந்ததா, ஒரே ஆண்டில் நின்றதா என்பதைத் தரை தரையாக எண்ணிய மீன் எலும்பு சொல்ல வேண்டும்.

கடைசிப் படி: பை, பென்சில், மிச்சம் வைக்கும் மண்

வீட்டை முழுவதும் தோண்டிவிடாதீர்கள். குறைந்தது ஒரு கால்வாசியாவது தொடாமல் விடுங்கள். இன்று இல்லாத கருவி நாளை வரும். எலும்பைக் கழுவும்போது சிலவற்றைக் கழுவாமல் தனியே எடுத்து வையுங்கள், மரபணு ஆய்வுக்கு அவைதான் உதவும். சீட்டில் பேனாவால் எழுதாதீர்கள். ஈரத்தில் மை ஓடும், பென்சில் ஓடாது. கட்டம், கால்பகுதி, அடுக்கு, தேதி ஆகிய நான்கும் இல்லாத பை குப்பைக்குச் சமம். ஒரு சீட்டைப் பைக்குள் போடுங்கள், ஒன்றை வெளியே கட்டுங்கள்.

2005-இல் அந்த மரபணு ஆய்வகம் கையில் எடுத்த கண்ணிகளெல்லாம் முன்பு தோண்டி எடுத்து வைத்திருந்தவை. ஒவ்வொன்றும் எந்த வீடு, எந்தத் தரை என்று பையில் எழுதியிருந்தது.